கேனை உருக்கலாம், மாத்திரை அட்டையை என்ன செய்வது?

குளிர்பான அலுமினியக் கேன் ஒன்றின் வெளிப்பக்கப் பெயின்ட்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே தண்ணீர் நிரப்பி, மூடியின் வளையத்தில் ஒரு குச்சியைச் செருகி, காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலுக்குள் தொங்கவிட வேண்டும். மூடி மட்டும் கரைசலுக்கு மேலே நிற்கட்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் தேய்த்த கீறல்கள் வழியாகப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கொஞ்ச நேரத்தில் பீக்கரைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, நுரை பொங்கும். கேனின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அது அங்கங்கே ஓட்டை விழுந்து, கிழிந்து, கடைசியில் முழுசாகக் காணாமல் போய்விடும். மிஞ்சுவது, அதே கேன் வடிவத்தில் தண்ணீரைத் தாங்கித் தொங்கும் ஒரு மெல்லிய பை. உள்ளே இருப்பது அப்படியே தெரியும். பானம் உலோகத்தில் படக் கூடாது என்று உள்பக்கம் பூசியிருக்கும் பிளாஸ்டிக் படலம் அது.

சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டும்போது கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூட எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். அந்தப் பையைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். எனக்கு முக்கியம் பீக்கரின் அடியில் படிந்திருக்கும் கறுப்புத் தூள். இந்தப் பதிவே அதைப் பற்றியதுதான்.

'பழைய கேனிலிருந்து பேட்டரி' என்று ஒரு வீடியோ சுற்றி வருகிறது. மாணவர்கள் அனுப்புகிறார்கள், சொந்தக்காரர்கள் அனுப்புகிறார்கள். "இதெல்லாம் நடக்குமா மேடம்?" என்று கேட்கிறார்கள். நடக்கும். ஆனால் எந்தக் குப்பையை எதற்கு எடுப்பது என்று தெரியாமல் செய்தால், நல்ல பொருளைக் கெடுத்து மட்டமான பொருளைச் செய்த கதையாகிவிடும். அதை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அலுமினியம் சேலத்துக்காரர்களுக்கு அந்நியமான உலோகம் இல்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் உச்சியில் இருக்கும் செம்மண்ணில் பாக்சைட் இருக்கிறது. அதை வெட்டி லாரியில் இறக்கி மேட்டூருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மால்கோ ஆலையில் அது அலுமினியமாகும். என் பெரியப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையில் ஒரு சூட்டு வாசம் இருக்கும். "கரண்ட் போனா பாட் உறைஞ்சிரும் பாப்பா, அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும்" என்பார். பாட் என்பது உருகிய உப்பில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சும் தொட்டி. உள்ளே 950 டிகிரிக்கு மேல் சூடு. நிறுத்தாமல் ஓட வேண்டும். 2008இல் அந்த உருக்காலை நின்றுபோனது.

அந்த ஆலையின் முதல் பாதியில் நடந்ததும் என் பீக்கரில் நடப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. பாக்சைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாவில் போடுவார்கள். அலுமினியம் மட்டும் கரைந்து கரைசலுக்குப் போகும். இரும்பு கரையாது, சேறாக அடியில் தங்கும். மேட்டூரில் குவிந்த செஞ்சேறு அதுதான். 1880களில் பேயர் என்ற ஆஸ்திரியர் கண்டுபிடித்த முறை, இன்றுவரை உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. என் பீக்கரில் பாக்சைட்டுக்குப் பதில் கேன். கேனின் உடம்பு வெறும் அலுமினியம் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மாங்கனீசும், அதே அளவுக்கு மக்னீசியமும், கொஞ்சம் இரும்பும் கலந்தது. மூடியில் மக்னீசியம் இன்னும் அதிகம், நாலைந்து சதவீதம் வரும். இவை எதுவும் காஸ்டிக் சோடாவில் கரைவதில்லை. நான் சொன்ன கறுப்புத் தூள் இதுதான். வடிகட்டினால் அழுக்கெல்லாம் தாளில் நிற்கும், கீழே இறங்குவது கண்ணாடித் தெளிவான கரைசல்.

உருக்குவதற்கும் கரைப்பதற்கும் இதுதான் வித்தியாசம். உருக்கினால் கலந்தது கலந்ததுதான், இரும்பையும் மாங்கனீசையும் பிரித்தெடுப்பது பெரிய பாடு. கரைத்தால் அழுக்கு தானாக வெளியே நிற்கும்.

அப்படியானால் எல்லாக் கேனையும் கரைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காலி கேன் 13, 14 கிராம் இருக்கும். அலுமினாவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க சுமார் 14 யூனிட் கரண்ட் ஆகிறது. ஆக, ஒரு கேனுக்குள் கிட்டத்தட்ட யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு அடைபட்டிருக்கிறது. ஒன்பது வாட் எல்.இ.டி பல்பை இருபது மணி நேரம் எரிக்கலாம். அதே கேனை உருக்கி மறுபடி கேனாக்கினால், புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் வெறும் 5 சதவீதம் போதும். 660 டிகிரியில் உருகிவிடுகிறது, ரசாயன மாற்றம் எதுவும் தேவையில்லை. நான் காஸ்டிக் சோடாவில் போட்டுக் கரைத்தால், பெரியப்பா மாதிரி எத்தனையோ பேர் பாட் அருகே வெந்து உள்ளே ஏற்றிய அந்தக் கரண்ட் முழுவதும் சூடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறிவிடும். பாக்சைட் கட்டத்துக்கே திரும்பிவிடுகிறோம். சுத்தமான கேனுக்கு இப்படிச் செய்வது அநியாயம். அது உருக்கவேண்டிய பொருள்.

கேனைப் பற்றி நம் ஊரில் கவலைப்பட வேண்டியதும் இல்லை. ஏற்காட்டுக்கு விடுமுறையில் ஏறும் கூட்டம் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் போட்டுவிட்டுப் போகும் கேன்களைப் பொறுக்க ஆள் இருக்கிறது. இரும்பைவிட விலை பல மடங்கு என்பதால் அது தானாகக் கடைக்கு வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எனக்குப் பழக்கமான பழைய இரும்புக் கடை அண்ணன் கேனை ஒரே மிதியில் தட்டையாக்கிச் சாக்கில் எறிவார். எழுபது கேனுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும், ஆனாலும் அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்வது எதை என்று கேட்டேன்.

"மாத்திரை அட்டை வேண்டாங்க டீச்சர். பிரியாணி ஃபாயில் டப்பாவும் எண்ணெயோட வந்தா எடுக்க மாட்டோம். போட்டா உலையில எரிஞ்சு சாம்பலாத்தான் போவுதுங்கறான்."

"தனியாப் பிரிச்சுக் குடுத்தா எடுப்பீங்களா அண்ணா?"

"யாரு உக்காந்து பிரிப்பா?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். மாத்திரை அட்டையில் இருக்கும் அலுமினியத் தகடு 20, 25 மைக்ரான்தான். தலைமுடியில் பாதிக் கனம்கூட வராது. இவ்வளவு மெல்லிய தகட்டை உலையில் போட்டால் உருகுவதற்குள் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிவிடும். முன்பக்கம் பி.வி.சி பிளாஸ்டிக், அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், மூச்சுக்குக் கெடுதல். இரண்டு பக்கமும் வெள்ளியாக மின்னும் அட்டை இன்னும் மோசம்: நைலான், அலுமினியம், பி.வி.சி என்று மூன்று அடுக்கு ஒட்டியிருக்கும். வீட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவர் இருந்தாலே வருடத்துக்கு எத்தனை அட்டை என்று நினைத்துப் பாருங்கள். எல்லாம் குப்பை வண்டிக்குத்தான் போகிறது.

கரைக்கவேண்டியது இதைத்தான். அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிக் காஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினியம் கரைந்துவிடும், பி.வி.சி கரையாமல் அப்படியே தங்கிவிடும். கத்தி வேண்டாம், உட்கார்ந்து பிரிக்க ஆள் வேண்டாம். அதுவும் ஃபாயிலில் 98 சதவீதத்துக்கு மேல் அலுமினியம், கேனைவிடச் சுத்தம். மிச்சமிருக்கும் இரும்பு கறுப்புத் தூளாக ஒதுங்கிக்கொள்ளும்.

வடிகட்டிய கரைசலில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட வேண்டும். விழுந்த இடத்தில் வெள்ளையாகக் கூழ் திரண்டு, கலக்கினால் மறையும். கொஞ்சம் கொஞ்சமாக மறையாமல் நிற்க ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் பீக்கர் முழுவதும் ஜவ்வரிசிக் கஞ்சி போல இறுகிவிடும். ஜவ்வரிசி ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளே சொல்லும் உவமை இது. அதுதான் அலுமினியம் ஹைட்ராக்சைடு. இங்கே பொறுமை வேண்டும்: நிறையத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவாவிட்டால் சோடியம் உள்ளே தங்கிவிடும், அப்புறம் பொருள் எதற்கும் உதவாது. கழுவியதை மூடிய கலனில் தண்ணீரோடு 150, 200 டிகிரியில் வேகவைத்தால் போமைட் என்ற பொருள் கிடைக்கும். அதைச் சூளையில் ஐந்நூறு டிகிரிக்கு மேல் சுட்டால் காமா அலுமினா. கையில் எடுத்தால் பால் பவுடர் மாதிரி லேசாக இருக்கும், ஆனால் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது.

இதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. பிரிப்பான் என்று சொல்லலாம். பாலிஎத்திலீன் தாள் 130 டிகிரி வாக்கில் சுருங்கி உருகத் தொடங்கும். சுருங்கினால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், வண்டி தீப்பிடிக்கும். அதைத் தடுக்கத் தாளின் மேல் சில மைக்ரான் கனத்துக்குப் போமைட்டோ அலுமினாவோ பூசுகிறார்கள். சூடேறினாலும் தாள் சுருங்காமல் இந்தப் பூச்சு பிடித்து வைக்கும். மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் நாம் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு மருந்தாகும் பொடியின் மூலப்பொருள் நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே கிடக்கிறது. என்னைப் பொறுத்தவரை, 'குப்பையிலிருந்து பேட்டரி' என்று வருகிற செய்திகளிலேயே கைக்கு எட்டுகிற யோசனை இதுதான். பேட்டரித் தரத்துக்கு வர சோடியமும் இரும்பும் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் அந்தச் சுத்தம் வராது. ஆனால் வழி இதுதான்.

வேறு யாரும் யோசிக்காத விஷயம் இல்லை இது. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அகமது ஒஸ்மான் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் உணவு ஒட்டிய அலுமினிய ஃபாயிலிலிருந்து அலுமினா வினையூக்கி செய்தார்கள். டைமெத்தில் ஈதர் என்ற எரிபொருளைத் தயாரிக்க அது உதவுகிறது. கழுவி மறுசுழற்சி செய்ய முடியாத ஃபாயில் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். சரியான குப்பையைச் சரியான வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி, உலோக-கரிமச் சட்டகங்கள். 2025 வேதியியல் நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது: கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும். உலோக அயனிகளைக் கணுவாகவும் கரிம மூலக்கூறுகளைக் குச்சியாகவும் வைத்துக் கட்டிய கூடு என்று புரிந்துகொள்ளலாம். ஒரு கிராம் பொடிக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு. அவற்றில் ஒன்றுக்குக் கணு அலுமினியம், குச்சி டெரெஃப்தாலிக் அமிலம். இந்த அமிலம் எங்கே கிடைக்கும்? தண்ணீர் பாட்டிலில். பெட் பாட்டிலைக் காஸ்டிக் சோடாவில் சிதைத்து, அமிலம் விட்டால் கிடைப்பது இதுதான். ஃபாயிலும் பாட்டிலும் சேர்ந்தால் கூடு தயார். காற்றில்லாமல் சுட்டால் அது நுண்துளைக் கரியாகும், மின்சாரத்தைச் சட்டென்று ஏற்றி இறக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்குப் போகும். ஏற்காட்டு மலைச் சரிவில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு குப்பை.

அலுமினியத்தை நேரடியாகவே பேட்டரி முனையாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சமையல் ஃபாயில், உப்புத்தண்ணீர், கரித்தூள் மூன்றையும் வைத்து எங்கள் மாணவர்கள் அலுமினியம்-காற்று செல் செய்வார்கள். மூன்று நான்கைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி எரியும். பெரிய அளவில் இந்தியன் ஆயில் நிறுவனம் இஸ்ரேலின் ஃபினர்ஜியோடு 2021இல் கூட்டு நிறுவனம் தொடங்கியது, 2023இல் ஹிண்டால்கோவும் அலுமினியத் தகட்டுக்காகக் கைகோத்தது. ஒரு கிலோ அலுமினியத்தில் எட்டு யூனிட்டுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது, ஏட்டளவில். ஆனால் இதற்குக் குப்பை அலுமினியம் ஒத்துவராது. உள்ளே இரும்பு கொஞ்சம் இருந்தாலும், பேட்டரி சும்மா இருக்கும்போதே அலுமினியம் அரித்து ஹைட்ரஜனாகப் போய்விடும். இதற்கு வேண்டிய சுத்தத்தை நாலு ஒன்பது என்பார்கள், 99.99 சதவீதம். வீடியோக்களில் இந்த விஷயத்தைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. மாணவர்கள் கேனை வெட்டிவைத்துக்கொண்டு, பேட்டரி ஏன் உடனே செத்துப்போகிறது என்று குழம்புகிறார்கள்.

அந்த ஹைட்ரஜனே வேண்டும் என்றால் கதை மாறிவிடும். ஒரு கேனைக் கரைத்தால் பதினாறு, பதினேழு லிட்டர் ஹைட்ரஜன் வரும். 2024இல் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் குளிர்பானக் கேன் அலுமினியத்தோடு கடல்நீரை வினைபுரிய வைத்தார்கள். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு தோல் இருக்கும், அதனால்தான் பாத்திரம் தண்ணீரில் கரையாமல் நிற்கிறது. காலியம்-இண்டியம் உலோகக் கலவையைத் தடவினால் அந்தத் தோல் உடைந்துவிடும். கடல் உப்பினால் அந்த விலை உயர்ந்த கலவையைத் திரும்ப எடுக்க முடிகிறது, ஆனால் வினை மெதுவாகிவிடுகிறது. வேகப்படுத்தக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தபோது காப்பிச் சக்கையைப் போட்டிருக்கிறார்கள். வினை வேகமெடுத்தது! காரணம் கஃபீனில் இருக்கும் இமிடசோல் என்ற வளையம். அதைச் சேர்த்தால் இரண்டு மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி இன்றும் ஏற்காடு முழுக்க நிற்கிறது. பாக்சைட்டும் காப்பியும் ஒரே மலையில் விளையும் ஊர்க்காரி என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

தகர டின்னையும் விடக் கூடாது. பால் பவுடர் டின், பெயின்ட் டின், எண்ணெய் டின் எல்லாம் இரும்புத் தகட்டில் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக வெள்ளீயம் பூசியவை. வெள்ளீயம் பேட்டரிக்கு அருமையான பொருள்: ஒரு கிராமுக்கு 994 மில்லி ஆம்பியர் மணி பிடிக்கும், இன்றைய கிராஃபைட் 372தான். சோனி 2005இலேயே வெள்ளீயக் கலவை முனை வைத்த பேட்டரி விற்றது. ஆனால் லித்தியத்தை உள்வாங்கும்போது வெள்ளீயம் மூன்று மடங்குக்கு மேல் உப்பி நொறுங்கும். அதனால் இன்னும் பரவலாகவில்லை. டின்னில் இருக்கும் வெள்ளீயமும் சொற்பம். நான் இதில் பெரிய ஆசை வைக்கவில்லை.

சேலத்துக்கு இன்னொன்று நன்றாகப் பொருந்தும். 2016இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கேரி பின்ட் குழு, குப்பைக் கிடங்கு இரும்புத் துண்டையும் பித்தளைத் துண்டையும் எடுத்து, வீட்டில் கிடைக்கும் ரசாயனங்களால் மேற்பரப்பில் ஆக்சைடு வளர்த்து, ஒரு பாட்டிலில் வைத்துப் பேட்டரி செய்தது. ஐயாயிரம் முறை ஏற்றி இறக்கியும் 90 சதவீதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. கிலோவுக்கு 20 வாட் மணிதான், வண்டிக்குப் போதாது. வீட்டு மாடியில் சோலார் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் எடையைப் பற்றி என்ன கவலை? இரும்பு உருக்காலையும் பாத்திரக் கடைகளும் இருக்கும் ஊரில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. பித்தளைப் பழசுக்கு நல்ல விலை உண்டு என்பதால் அதை உருக்குவதா பேட்டரியாக்குவதா என்ற கேள்வி இங்கேயும் வரும். லேத் பட்டறைகளில் எண்ணெயோடு கலந்து விழும் பிசிறை எடுக்கலாம் என்பது என் எண்ணம். அடுத்த பருவத்தில் இறுதியாண்டு மாணவர்களோடு அதைத்தான் முயற்சிக்கப் போகிறேன்.

காஸ்டிக் சோடா வேலையை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: தயவுசெய்து மூடிய பாட்டிலில் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கும், சூடான காரம் முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். திறந்த வாய்ப் பாத்திரம், ஜன்னல் ஓரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் சோடா ஊற்றவே கூடாது, பாத்திரமே கரைந்துவிடும்.

எங்கள் துறை வாசலில் இப்போது இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். ஒன்று மாத்திரை அட்டைக்கு, இன்னொன்று ஃபாயிலுக்கு. கேனை அதில் போடாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கே கொடுத்துவிடுங்கள். ஃபாயில் எண்ணெயாக இருந்தாலும் பரவாயில்லை, எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள். அட்டையில் மாத்திரை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.